கண்ணா மரத்துக்குக் காசு கட்டிப் போன கதை

எழுதிக் கனநாள் ஆகிவிட்டது. ஒரு பயணத்தின் களைப்பு, அதற்குப் பிறகு ஒரு தடிமன், அதற்கும் பிறகு வழக்கமான பஞ்சி. இப்போதும் எழுதாமல் விட்டால் இந்த விசயம் தலைக்குள்ளேயே கிடந்து புளித்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

மாசி மாதம் அபுதாபிக்குப் போனேன். அங்கே என் தம்பி இருக்கிறான். இருபத்திரண்டு வருடமாக ஏசி திருத்துகிற வேலை. இருப்பிடம் முசஃபாவில், கம்பனி கொடுத்த அறையில், இன்னும் ஐந்து பேரோடு. நான் நோர்வேயில். 1992இல் மண்டபம் முகாமை விட்டு நான் வெளிக்கிட்ட பிறகு, நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே படுத்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நூறு வராது.

இந்த முறை போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்த வருடத்தோடு அவனுடைய கணக்கை முடிக்கப் போகிறார்கள். வேலை முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். சாதாரண தொழிலாளிக்கு அங்கே அதுதான் விதி. நோர்வே என்னை அகதி என்று ஏற்று, பிறகு தன் குடிமகனாகவும் ஆக்கியது. வளைகுடா நாடுகள் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஒரே வள்ளத்தில் வந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் நான் 'அகதி', அவன் 'வேலைக்கு வந்தவன்'. ஐம்பது வயதில் அவன் ஊருக்குத் திரும்பி என்ன செய்யப் போகிறான் என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வாரமாகக் குந்திக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கதைப்பதற்குப் பதிலாக நான் ஒரு வேலை செய்தேன். அவனுடைய விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைக்கு, ஜுபைல் தீவில் வழிகாட்டியோடு நடக்கிற ஒரு குழுவில் இரண்டு பேருக்கும் காசு கட்டினேன். சொன்னதும் அவன் சிரித்தான்.

"அண்ணை, கண்ணாப் பத்தையைப் பார்க்கவோ காசு கட்டினீங்கள்? அம்மா இருந்திருந்தால் விளக்குமாத்தால அடிச்சிருப்பா."

அம்மா அடித்திருப்பாதான். இருந்தாலும் எனக்கு இந்தப் பழக்கம் நோர்வேயில் தொற்றியது. நான் வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் குடும்பம் குடும்பமாக, முதுகில் பையும் போத்தலில் கோப்பியுமாகக் காட்டுக்குள் போவதைப் பார்த்து, 'இவர்கள் எங்கே போகிறார்கள்?' என்று யோசித்திருக்கிறேன். எங்கேயும் போவதில்லை. போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள், அவ்வளவுதான். போக ஒரு இடமும் இல்லாமல் நடப்பது எனக்கு விளங்கவே இல்லை. எங்களுக்கு நடை என்றால் மூட்டை முடிச்சோடு அடுத்த ஊருக்கு நடப்பது. பிறகுதான் தெரிந்தது, அங்கே 1957ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது: காடும் மலையும் யாருடைய காணியாக இருந்தாலும், பயிருக்கும் வீட்டுக்கும் இடைஞ்சல் இல்லாமல் எவரும் கால்நடையாகப் போகலாம். அங்கே பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் பத்து மரத்தின் பெயராவது தெரியும். காட்டில் ஒரு பாதையை மூடப் போகிறோம் என்றால் ஊரே எழும்பி நிற்கும். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருகிற விசயம். அதற்கு முதல் தீவுக்குப் போய்விட்டு வருவோம்.

ஜுபைல் தீவு, அபுதாபியில் சாதியாத் தீவுக்கும் யாஸ் தீவுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் அருங்காட்சியகங்கள், மறுபக்கம் கார் ஓட்டப் பந்தயத் திடல். நடுவில் இப்படி ஒரு பச்சை. 2020இல் அங்கே பூங்காவைத் திறந்தார்கள். சேற்றுக்கு மேலே மரப்பலகையால் பாதை போட்டிருக்கிறார்கள், எல்லாமாக இரண்டு கிலோமீற்றர் அளவு. அதே தீவில் பெரிய மாளிகை வீடுகளும் கட்டி விற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே எல்லாம் தூய்மையான இயற்கை என்று நான் கதை விடவில்லை.

குழுவில் பதினான்கு பேர். நான்கு பிலிப்பினோப் பெண்கள், ஒரு எகிப்தியக் குடும்பம், இரண்டு பிரெஞ்சுக்காரர், மூன்று குஜராத்திகள், நாங்கள் இரண்டு பேர். வழிகாட்டிப் பெடியன் கண்ணூர் மலையாளி. சிரித்த முகம், ஆனால் வேலையில் கண்டிப்பு. முதலில் சப்பாத்தைப் பார்த்தான், பிறகு தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தான், பிறகுதான் ஆளைப் பார்த்தான்.

வத்து நேரம் பார்த்துத்தான் கூட்டிப் போனான். தண்ணீர் இறங்கினால்தான் வேர் தெரியும். பலகைக்கு இரண்டு பக்கமும் சேறு. சேற்றுக்குள்ளிருந்து பென்சில் நட்டு வைத்தது போல ஆயிரமாயிரம் மூச்சு வேர்கள். இடையில் சின்ன நண்டுகள். வாய்க்காலில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில். தூரத்தில் பூநாரைகள், வெயிலில் கலங்கலாக. அவற்றுக்கும் பின்னால் அபுதாபியின் கண்ணாடிக் கட்டிடங்கள்.

பெடியன் நன்றாகச் சொன்னான். அமீரகத்தில் இயற்கையாக வளர்வது இந்த ஒரு இனம் மட்டும்தான். அரபியில் 'குர்ம்' என்பார்கள். மஸ்கட்டில் குரும் என்ற இடத்துக்குப் பெயர் வந்ததும் இதனால்தான். ஆண்டில் சில நாட்கள் மட்டும் மழை பெய்கிற, கோடையில் 45 பாகையைத் தாண்டிக் கொதிக்கிற ஊரில், கடல் உப்பை வேரிலேயே பெரும்பாலும் மறித்து, மீதியை இலை வழியாக வெளியே தள்ளி இந்த மரம் உயிர் வாழ்கிறது. முந்திய காலத்தில் ஒட்டகத்துக்குத் தீனி, வீட்டுக்கு விறகு, வள்ளத்துக்கு மரம் எல்லாம் இதுதான். 1970களிலேயே ஷேக் சாயித் இதை நடச் சொல்லிவிட்டார். 2021இல் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாட்டில், 2030க்கு முன் பத்துக் கோடி கண்டல் நடுவோம் என்று அமீரகம் அறிவித்தது.

"இந்த இலையின் பின்பக்கத்தை நக்கிப் பாருங்கள்" என்றான். எகிப்தியப் பிள்ளை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி இலையைத் தொடக்கூட இல்லை. "கண்ணா" என்றான், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க.

ஆனால் பெடியனுக்கும் கேட்டுவிட்டது. "சேட்டா, நிங்ஙள் எந்தா பறஞ்ஞது?" என்று கேட்டான். மலையாளி முதலாளிகளோடு இருபது வருடம் வேலை செய்த தம்பிக்கு மலையாளம் தண்ணீர். எங்கள் ஊரில் இதைக் கண்ணா என்போம், மற்றதைத்தான் கண்டல் என்போம், அதற்குக் கால் ஊன்றி நிற்கிற வேர், இதற்கு மேலே முளைக்கிற வேர் என்று சொன்னான். பெடியனின் முகம் மலர்ந்துவிட்டது. அவனுடைய ஊரிலும் 'கண்டல்'தான். உடனே கண்டல் பொக்குடனின் கதையைக் குழுவுக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினான். கண்ணூர் மாவட்டத்தில் பழயங்காடியில் கல்லேன் பொக்குடன் என்று ஒருவர் இருந்தார். ஒடுக்கப்பட்ட சாதியில் 1937இல் பிறந்த விவசாயக் கூலி. 1989இல் யாரும் சொல்லாமல் தானாகவே கண்டல் நடத் தொடங்கினார். சனம் பைத்தியம் என்றது. நட்டதைப் பிடுங்கியவர்களும் உண்டு. 2015இல் அவர் இறந்தபோது கேரளம் முழுக்க அவருடைய பெயரின் முன்னால் மரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. பெடியன் தம்பியைப் பார்த்து, "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்" என்றான். என் தம்பி நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவன். அறையில் ஐந்து பேரோடு இருந்தும் தனியாக இருக்கத் தெரிந்தவன். அவன் பலகைத் தடுப்பில் சாய்ந்துகொண்டு ஒரு கால் மணித்தியாலம் கதைத்தான்.

ஆட்டுக்கு இந்தக் குழைதான், ஆனால் கொப்பை முறிக்கக்கூடாது, நுனியை மட்டும் கிள்ள வேண்டும் என்றான். நைலோன் வலை வருவதற்கு முன் அப்பா பருத்தி வலைக்குக் கண்டல் பட்டையை அவித்துச் சாயம் போட்டதைச் சொன்னான். சிறகுவலைக்குக் கம்பு எந்த மரத்தில் வெட்டுவது, எதில் வெட்டக்கூடாது என்று சொன்னான். தில்லை மரத்தைக் காட்டுவதற்கு அங்கே தில்லை இல்லை. ஆனாலும் அதன் பால் கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று கண்ணைப் பொத்திக் காட்டினான். (தில்லைச் சிதம்பரத்தின் தில்லை இதுதான் என்று இடையில் நானும் என் பங்குக்குச் சொருகினேன்.) இறால் குஞ்சு எந்த மாதம் வேருக்குள் வந்து ஒளிக்கும், எந்த மாதம் வெளிக்கிடும் என்று சொன்னான். கரையோரம் சிவப்பாகக் கிடந்த உப்புப் பூண்டைக் காட்டி, இதைப் போல ஒன்றை நாங்கள் உமிரி என்று சொல்லிக் கறி வைப்போம், உப்புப் போடத் தேவையில்லை என்றான். பிலிப்பினோப் பெண் ஒருத்தி அதை எழுதிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த ஊரில் அவனிடம் யாராவது எதையாவது கேட்டிருந்தால், 'ஏசி ஏன் சத்தம் போடுது?' என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அவன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நானும் அங்கே சொல்லவில்லை. 1990 ஆவணியில் ஒரு இரவு. மன்னார்க் கரையில், எங்கள் ஊருக்கு வெளியே, கண்ணாப் பத்தைக்குள் இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். வள்ளம் வருமென்று சொன்ன நேரம் தாண்டிவிட்டது. வானத்தில் ஹெலி. அம்மா செபமாலையை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தா. தம்பிக்குப் பதினைந்து வயது. மூச்சு வேர் உள்ளங்காலைக் கிழித்து இரத்தம் போனது விடிந்து தனுஷ்கோடி மணலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த மரங்கள் எங்களை மறைத்து வைத்திருந்தன. மேலே இருந்து பார்த்தவனுக்கு அது வெறும் பத்தை. எங்களுக்கு மட்டும்தான் உள்ளே நுழைகிற வாய்க்கால் தெரியும். அந்த வாய்க்காலை எங்களுக்குக் காட்டித் தந்தது அப்பாவின் ஆட்டுக் குழையும் நண்டுக் கூடும்.

ஜுபைல் தீவில் மூச்சு வேரைப் பார்த்ததும் தம்பி தன்னுடைய சப்பாத்துக் காலை ஒருமுறை குனிந்து பார்த்தான். நான் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சரி, இனி என் அபிப்பிராயம். பிடிக்காதவர்கள் திட்டலாம்.

எங்கள் சனத்துக்குக் கோயில் கட்டத் தெரியும். தேர் செய்யத் தெரியும். ஊர்ச் சங்கம் வைத்து, ஒஸ்லோவிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் காசு சேர்த்து, ஊர் முகப்பில் வளைவு கட்டத் தெரியும். நானும் காசு கொடுத்திருக்கிறேன், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வளைவுக்குப் பின்னால் இருக்கிற களப்பையும் கண்ணாக்காட்டையும் பற்றி எந்தக் கூட்டத்திலாவது ஒரு வரி கதைத்திருக்கிறோமா? கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். கோயில், பெரியம்மா வீடு, நல்லூர் ஐஸ்கிறீம், கசூரினாக் கடற்கரை, திரும்பவும் விமானம். பிள்ளைக்கு ஊரில் ஒரு மரத்தின் பெயர் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததும் எங்களோடு போய்விடும்.

பெயர் தெரியாத காட்டை எடுப்பது சுலபம். இதற்குக் கண்முன்னால் உதாரணம் இருக்கிறது: விடத்தல்தீவு. மன்னாரில் ஏறத்தாழ 29,000 ஹெக்டேயர் கடலும் களப்பும் கண்டலும் சேர்ந்த பகுதி, 2016இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் அதில் 168 ஹெக்டேயரை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் வெட்டி எடுத்தார்கள், நீரியல் வளர்ப்புத் தொழிலுக்கு என்று. சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. பிறகு உயர் நீதிமன்றம் அந்த அறிவித்தலை இடைநிறுத்தியது. 1980களிலும் 90களிலும் புத்தளம், சிலாபம் பக்கம் இறால் பண்ணைக்காகக் கண்டலை அழித்ததும், பிறகு நோய் வந்து பண்ணைகள் பாழாய்க் கிடந்ததும் நாடறிந்த கதை. அப்படியிருந்தும் 2024இல் அந்தக் கடதாசி வெளிவந்தது. அந்த நேரம் நான் இருக்கிற ஊரில் எத்தனை தமிழர் அதைப் பற்றிக் கதைத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். என்னோடு சேர்த்து மூன்று பேர். விடத்தல்தீவு என்றால் எங்களுக்கு 2008 ஆடியில் இராணுவம் பிடித்த இடம் என்ற செய்திதான் ஞாபகம். அங்கே ஒரு காடு இருக்கிறது என்பது ஞாபகம் இல்லை.

'அதுதான் மரம் நடுகிறோமே' என்று சிலர் சொல்வார்கள். நடுவதும் படம் எடுப்பதும் எங்களுக்குப் பிடித்த வேலை. சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்கக் கண்டல் நட்டார்கள். அந்த நடுகைகள் என்ன ஆயின என்று ஆராய்ந்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தது மூன்றே இடங்களில்: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. பிழையான இடம், பிழையான இனம், நட்ட பிறகு பார்க்க ஆளில்லை. கண்ணா நிற்க வேண்டிய இடத்தில் கண்டலை நட்டால் அது ஏன் நிற்கும்? இதைச் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் தேவையில்லை, என் அப்பாவைக் கேட்டிருந்தால் போதும். ஆனால் அவரைப் போன்றவர்களைக் கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை.

ஜுபைல் தீவில் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம். வழிகாட்டியோடு நடக்கிற நடை என்பது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நானும் ஒரு காலம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தெரிந்தவன் முன்னால் நடக்கிறான், தெரியாதவன் பின்னால் நடக்கிறான், தெரிந்ததற்குக் காசு கொடுக்கிறான். எங்கள் ஊர் மீனவனிடம் மீனுக்கு விலை பேசுவோம். அவனுக்குத் தெரிந்ததற்கு இதுவரை யாரும் விலை கேட்கவில்லை.

ஆகவே என் யோசனை மிகவும் சின்னது. ஒரு வளைவுக்குச் சேர்க்கிற காசில் பத்தில் ஒரு பங்கு போதும். மன்னார்க் கரையில், தீவுப் பகுதியில், தொண்டைமானாற்றுப் பக்கம், ஊருக்கு மூன்று நான்கு மீனவரையாவது வழிகாட்டிகளாக்குங்கள். பெண்களையும்; நண்டும் மட்டியும் பொறுக்கிய பெண்களுக்குத் தெரிந்தது ஆண்களுக்குத் தெரியாது. வத்து நேரம் பார்த்து, பத்துப் பேருக்கு மேல் போகாமல், இரண்டு மணித்தியாலம் நடக்கட்டும். மரப்பலகைப் பாதை வேண்டாம், வள்ளம் இருக்கிறது. மாசியில் போனால் வங்காலையில் பூநாரையும் பார்க்கலாம். விடுமுறைக்குப் போகிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு நாளை இதற்கு ஒதுக்கட்டும்.

எதிர்ப்பு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முதலாவது, 'வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, இவருக்கு உலாத்தல்.' வயிற்றுப்பாட்டுக்குத்தான் சொல்கிறேன். கடலுக்குப் போக முடியாத நாளிலும் ஒரு வருமானம்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. 'பாதுகாப்பு என்று சொல்லித்தான் திணைக்களங்கள் எங்கட காணிக்கு எல்லைக்கல் போடுகின்றன, நீ அதற்கு ஒத்து ஊதுகிறாயா?' இந்தப் பயம் பொய்யில்லை. போருக்குப் பிறகு வடக்கில் காட்டின் பெயரால் சனத்தின் காணிகளுக்கும் எல்லை போட்டது நடந்த கதை. ஆனால் அதற்கு மருந்து, காட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பது இல்லை. எல்லைக்கல் எங்கே நிற்கிறது, பாதை எங்கே போகிறது, யார் தலைமுறை தலைமுறையாக எதை எடுத்தார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை ஊரவனே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடந்து சொன்னால், அந்த இடம் யாருக்குப் பழக்கம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறென்ன? ஆள் போகாத இடத்தைத்தான் எவனும் 'வெறும் காணி' என்று எழுதுவான்.

மூன்றாவதை நானே சொல்கிறேன், ஏனென்றால் எங்களில் பலர் சொல்லமாட்டார்கள். அந்த வாய்க்கால்கள் எங்களுக்கு மட்டும் தெரிந்தவை அல்ல. நாங்கள் வள்ளம் ஏறி இரண்டு மாதத்தில், 1990 ஐப்பசியில், எங்கள் முஸ்லிம் அயலவரைப் புலிகள் வடக்கை விட்டே விரட்டினார்கள். அப்பாவோடு சிறகுவலை கட்டியவர்களும் அதற்குள் அடக்கம். திரும்பி வந்திருப்பவர்களும் அந்த வழிகாட்டிகளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் சொல்லப்போவது பாதிக் கதைதான்.

வளைகுடாவைக் கண்மூடிப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பஹ்ரைனில் தூப்லி விரிகுடாவின் கண்டல்கள் நிலம் நிரப்பியே சுருங்கிப் போனவை. அபுதாபியிலும் கடலைத் தோண்டியும் நிரப்பியும்தான் நகரம் கட்டினார்கள். பத்துக் கோடி கன்றில் எத்தனை நிற்கும் என்பதை 2030க்குப் பிறகு பார்ப்போம். நட்ட கைகளும் அந்த ஊர்க் கைகள் அல்ல. தம்பியின் அறையில் முன்பு இருந்த வங்காளதேசப் பெடியன் ஒருவன் இரண்டு வருடம் கண்டல் நாற்றுமேடையில் பைக்கு மண் நிரப்பியவனாம். கன்று வளர்ந்து நிற்பதை அவன் பார்க்கவே இல்லை. விசா முடிந்து போய்விட்டான். அந்தப் பலகைப் பாதையில் நாங்கள் நடந்தபோது எங்கள் குழுவில் அவனைப் போல ஒருவரும் இல்லை, என் தம்பியைத் தவிர. அவனும் அண்ணன் காசு கட்டியபடியால் வந்தவன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஆனாலும் உப்பு மண்ணில், மழையில்லாத ஊரில், ஒரு நாடு கண்ணா மரத்தை மதித்துப் பாதை போட்டிருக்கிறது. 2022இல் அமீரகமும் இந்தோனேசியாவும் கண்டலுக்கென்று நாடுகளின் கூட்டணி ஒன்றைத் தொடங்கியபோது இலங்கையும் அதில் சேர்ந்தது. கூட்டணியில் சேர்ந்து இரண்டு வருடம் முடிவதற்குள் விடத்தல்தீவு வர்த்தமானி வந்தது. மேலே கையெழுத்து வைப்பவர்கள் கையெழுத்து வைத்துக்கொண்டே இருப்பார்கள். கீழே நடக்கிற ஆள் வேண்டும்.

திரும்பி வரும்போது வாகனத்தில் தம்பி கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மக்தா பாலத்தைத் தாண்டிய பிறகு கேட்டான்.

"அந்தப் பெடியனுக்கு மாசம் எவ்வளவு குடுப்பினம்?"

"தெரியாது. ஏன்?"

"சும்மா." கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கட ஊரில இப்பிடி ஒண்டு செய்தால் ஆர் அண்ணை வருவினம்?"

ஒரு வாரமாக நாங்கள் கதைக்காமல் விட்ட கேள்வியை அவன் இப்படித்தான் எடுத்தான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆயிரம் பேர் வருவார்கள் என்று பொய் சொல்ல மனமில்லை. எங்கள் சனத்தை எனக்குத் தெரியும்.

"நான் வருவன்" என்றேன். "காசு கட்டித்தான்."

சிரித்தான். "விளக்குமாத்தடி உங்களுக்கு நிச்சயம்."

அடுத்த வருடம் ஆவணியில் அவன் ஊரில் இருப்பான். நான் போகிறேன். உங்களில் யாராவது அந்தப் பக்கம் விடுமுறைக்குப் போவதாக இருந்தால் ஒரு நாளை மிச்சம் பிடித்து வையுங்கள். பழைய சப்பாத்துப் போதும். வெறுங்காலோடு மட்டும் வரவேண்டாம், மூச்சு வேர் வெட்டும்.